தெரியாது என்று சொல்லாதவர்

யாரைப் பற்றிக் கேட்டாலும் அவர் "தெரியும்" என்பார்.

சிராங்கூன் ரோட்டில் தன் செங்கல் வண்டியை ஓரங்கட்டி மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நிற்பார். புதிதாகக் கப்பலிறங்கி வந்த எவனாவது அருகில் போய், "அண்ணே, எங்க ஊரு ஆளு ஒருத்தரு செங்கல் சூளையில இருக்காராம். கறுப்பா, ஒல்லியா இருப்பாரு. தெரியுமா?" என்று கேட்பான். சூளையில் வேலை செய்த எல்லாரும் கறுப்பாக, ஒல்லியாகத்தான் இருந்தார்கள். இவர் ஒரு கணமும் யோசிக்கமாட்டார். "தெரியும் தம்பி, ஏறிக்க" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு சூளை சூளையாக விசாரித்து, ஆளைக் கண்டுபிடித்து ஒப்படைத்துவிட்டுத்தான் தன் வேலையைப் பார்ப்பார். செங்கல் போய்ச் சேரவேண்டிய இடத்தில் கட்டட வேலை நின்று கிடக்கும். கங்காணி அவருடைய தாயையும் மாடுகளின் தாயையும் சேர்த்து வைவான். அவர் வண்டியின் கடையாணியைச் சரிபார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருநாள் தேக்கா சந்தையில் சீக்கியப் போலீஸ்காரர் ஒருவர் கோழி திருடிய ஆளைத் தலைமயிரைப் பிடித்து நிறுத்தி, "இவனை யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாராம். கூட்டம் பின்வாங்கியது. இவர் முன்னால் போய், "எனக்குத் தெரியும்" என்றார். இரண்டு பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய் அடைத்துவிட்டார்கள். எங்கள் போதகர் நேரில் போய்ச் சொல்லித்தான் மீட்க வேண்டியிருந்தது.

"அந்தத் திருடன் யார்?" என்று பிறகு நான் கேட்டேன்.

"பேரு கேக்கலீங்க ஐயா."

"பேர்கூடத் தெரியாத ஆளையா தெரியும் என்றீர்?"

"முடியைப் பிடிச்சிருந்தப்போ அவன் கூட்டத்தை ஒரு சுத்துப் பாத்தானுங்க. என்னையும் பாத்தான். பாத்ததுக்கப்புறம் எப்படிங்க தெரியாதுன்னு சொல்றது?"

இதைப் பள்ளிக்கூடத்தில் மற்ற ஆசிரியர்களிடம் வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தேன். அவர் குரலைப்போலப் பேசியும் காட்டினேன்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. உயிரோடு இருந்தபோது அவரை நான் மேடையில் ஏற்றியது போதும்.

கனத்த கழுத்து, குட்டையான கால்கள். நகக்கண்களில் செங்கல் தூள் எப்போதும் சிவப்பாக ஏறியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு தேய்த்துக் குளித்து வந்தாலும் அது போகாது. யாரோ கொடுத்த நீளக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு எங்கள் சபைக் கோயிலுக்கு வருவார். இன்ன இடத்தில் உட்காருவார் என்று கிடையாது. ஆலயத்தில் யாராவது இருமினால் நாங்களெல்லாம் ஒரு சாண் தள்ளி உட்காருவோம். அவர் எழுந்துபோய் இருமுகிறவருக்கு ஒரு சாண் நெருக்கமாக உட்காருவார். காலில் சீழ் வடியும் கிழவர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவருடைய பெஞ்சில் இவரைத் தவிர எவரும் உட்கார்ந்ததில்லை. இராப்போஜனத்தில் திராட்சரசத்தை எல்லாரும் ஒரே கிண்ணத்தில் குடிப்பது எங்கள் வழக்கம். அந்தக் கிழவருக்கு அடுத்தபடியாகப் போய்விடக் கூடாது என்று நான் வரிசையில் இடம் பார்த்து நிற்பேன். இவர் கிழவரின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், அவர் குடித்த ஈரம் காயும் முன்னே குடிப்பார்.

"அந்தக் கிண்ணம் ஒன்னுலதாங்க ஐயா யாரும் யாரையும் ஒதுக்கலை" என்று ஒருமுறை சொன்னார். உலகத்தில் அவர் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். நான் அதை அப்போது அழகான வார்த்தை என்று மட்டும் எண்ணிக்கொண்டேன். பிரசங்கத்துக்கு உதவும் என்று நினைத்தேன்.

நான் அப்போது சபைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நெல்லைச் சீமையில் மிஷன் பள்ளியில் படித்தவன். ஆங்கிலம் நன்றாக வரும். தெருப் பிரசங்கம் நடத்தும் பொறுப்பும் என்னுடையது. சனிக்கிழமை மாலையில் ஜாலான் புசார் முனையில் ஒரு பெட்டியின்மேல் ஏறி நின்று பேசுவேன். நன்றாகத்தான் பேசுவேன், ஆனால் ஆட்கள் நிற்கமாட்டார்கள். வேதத்தை விளக்கினால் யார் நிற்பார்கள்? ஒரு மனிதன் தன் பாவத்தைத் தானே சொல்லி அழுதால் நிற்பார்கள். அதற்குத்தான் எங்களிடம் சாட்சி சொல்லும் வழக்கம் இருந்தது. அதற்குத்தான் எனக்கு அவர் வேண்டியிருந்தது.

அவர் சொல்லவேண்டியிருந்தது இதுதான்.

அவரும் அவர் மனைவியும் கப்பலின் மேல்தட்டில் பயணம் செய்து வந்தார்கள். வழியிலேயே அவளுக்குக் காய்ச்சல். நோய் கண்ட கப்பல் என்று துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் தீவில் எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான். அம்மை போட்டவர்களையும் அவர்களோடு ஒட்டி வந்த உறவுகளையும் ஒரு கொட்டகைக்கும், மற்றவர்களை வேறொரு கொட்டகைக்கும் பிரித்து அனுப்பினார்கள். முதல் கொட்டகைக்குப் போனால் திரும்புவது கடினம் என்று கப்பலிலேயே பேச்சு.

"இந்தப் பொம்பளைக்கு ஆள் யாரு?" என்று மருந்து கொடுப்பவர் கேட்டார். இவர் தம்முடைய மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏய், நீதானே பக்கத்துல படுத்திருந்தே?"

"இல்லீங்க சாமி. எனக்கு இவளைத் தெரியாது."

இவர் பிழைத்து ஊருக்குள் வந்தார். அவள் அந்தத் தீவில் செத்துப்போனாள். தகவல் கிடைத்த நாளிலிருந்து கள்ளுக்கடையிலேயே கிடந்தவர், ஒருநாள் மாலை எங்கள் பிரசங்கத்தைக் கேட்டு அந்தப் பெட்டியின் முன்னாலேயே விழுந்தார். மாதக்கணக்கில் வேதம் கேட்டு, ஞானஸ்நானம் பெற்றார். குடி விட்டுப்போயிற்று. யாரைக் கேட்டாலும் தெரியும் என்று சொல்லும் பழக்கம் வந்தது.

முதன்முதலில் என்னிடம் இதைச் சொன்னபோது இன்னொன்றும் சொன்னார். அவர் தெரியாது என்று சொன்னது அவள் காதில் விழுந்ததாம். மருந்துக்காரர் அவள் பக்கம் திரும்பி, "உன் ஆளுதானே இவன்?" என்று கேட்டார். அவள் தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டு, "அவரு யாரோங்க. எங்க வீட்டுக்காரரு ஊருல இருக்காரு. நான் தனியாத்தான் வந்தேன்" என்றாளாம்.

"ஏன் அப்படிச் சொன்னாள்?"

"அதுதாங்க ஐயா விளங்கலை. கோவத்துல சொன்னாளா, என்னைக் காப்பாத்தச் சொன்னாளா? மூஞ்சியெல்லாம் வீங்கிக் கெடந்துச்சு. மூஞ்சியைப் பாத்துக் கண்டுபிடிக்க முடியலை."

நான் கொஞ்சம் யோசித்தேன். பிறகு, "சாட்சியில் அதைச் சொல்லவேண்டாம்" என்றேன். "கேட்கிறவர்கள் அந்தப் பெண்ணைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். தங்கள் பாவத்தைப் பற்றி யோசிக்கமாட்டார்கள். தெரியாது என்று நீர் சொன்னதோடு நிறுத்தும். அங்கேதான் குத்தும்."

"அவ பேசுனதே அது ஒன்னுதாங்களே ஐயா."

"நான் சொல்வதைக் கேளும்."

கேட்டார். நான் படித்தவன்.

சனிக்கிழமைதோறும் அவரைப் பெட்டியின்மேல் ஏற்றினேன். ஜாலான் புசார், ரோச்சோர் ஆற்றங்கரை, தஞ்சோங் பகார் என்று இடங்கள் கூடின. அவர் பேச்சாளர் இல்லை. தட்டுத்தடுமாறிச் சொல்லிக்கொண்டே வந்து அந்த வார்த்தைக்கு வரும்போது தொண்டை அடைக்கும். முகம் கோணும். பிறகு அழுவார். பெரிய உடம்பு அழுவதைப் பார்க்கக் கூட்டம் நெருங்கும். சில நாள் அழுகை தாமதப்பட்டால் நான் பின்னால் நின்றபடி, "அவள் முகம் எப்படி இருந்தது என்று சொல்லும்" என்று மெல்லிய குரலில் எடுத்துக்கொடுப்பேன். உடனே வந்துவிடும். அவர் அழுது முடித்ததும் நான் ஏறி, "சகோதரரே, நொறுங்குண்ட இருதயம் இதுதான்" என்று தொடங்குவேன். நல்ல பேர் கிடைத்தது.

ஜாலான் புசார் முனையில் துணிக்கடை வைத்திருந்தார் நாகூர்க்காரர் ஒருவர். நாங்கள் மரைக்காயர் என்போம். ஒரு மாலை, நாங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "வாத்தியாரே, ஒன்னு கேக்கலாமா?" என்றார்.

"கேளுங்கள்."

"துணி எப்பவோ காஞ்சு போச்சு. இன்னும் எதைப் பிழியிறீங்க?"

அவர் கடைப் பையன்கள் சிரித்தார்கள். நான், "பாவத்தை உணர்வது என்னவென்று உங்களுக்கு விளங்காது" என்று கடுப்பாகச் சொன்னேன்.

"எனக்கு விளங்காது, சரி. அந்த மனுஷன் ஆண்டவன்கிட்ட மன்னிப்புக் கேட்டாரா?"

"கேட்டார்."

"கிடைச்சுதா?"

"கிடைத்தது."

"அப்புறம் வாராவாரம் எங்க கடை வாசல்ல வச்சு எதுக்கு அவர்கிட்டக் கேக்குறீங்க?" என்று சொல்லிவிட்டு மரைக்காயர் கடையைச் சாத்தப் போய்விட்டார்.

வண்டிக்காரர் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். நடந்துகொண்டிருக்கும்போது, "அவரு கேக்குறதும் சரிதானேங்க" என்றார். "செஞ்ச பாவத்தை ஆண்டவர் இனிமே நினைக்கறதே இல்லைன்னு நீங்கதானே ஐயா வாசிச்சுக் காட்டுனீங்க. அவரு மறந்துட்டாரு. நீங்க மட்டும் ஏன் நினைப்பு மூட்டிக்கிட்டே இருக்கீங்க?"

"உம்முடைய கண்ணீரால் எத்தனை பேர் மனம் திரும்புகிறார்கள் தெரியுமா?" என்றேன்.

"தெரியும்" என்றார், வழக்கம்போல. ஆனால் ஒருவரும் மனம் திரும்பவில்லை. நின்று பார்த்தார்கள், போனார்கள்.

எருமைக் கொட்டில்களுக்குப் பின்னால் தயிர் விற்கும் ஒரு அம்மாள் இருந்தாள். முகம் முழுவதும் அம்மைத் தழும்பு. அவளுக்கு அவரை அடையாளம் தெரிந்திருக்கிறது. வண்டியை நிறுத்தி, "நீங்கதானே அந்தச் செவத்தப் பொண்ணோட ஆளு?" என்று கேட்டிருக்கிறாள். அதே கப்பலில் வந்து, அதே கொட்டகையில் கிடந்து, பிழைத்து எழுந்தவள். அவர் ஆமாம் என்றார்.

தயிர்க்கார அம்மாள் சொன்னது சின்ன விஷயந்தான். அந்தப் பெண் கண் திறக்க முடியாமல் கிடந்தபோதும், யார் உள்ளே வந்தாலும், "அந்த அடுத்த கொட்டாய்க்காரங்க ஊருக்குள்ள போயிட்டாங்களா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தாளாம். கஞ்சி ஊட்டினால் துப்பிவிடுவாளாம். ஒருநாள், எல்லாரையும் விட்டுவிட்டார்கள், ஒருத்தருக்கும் நோயில்லை என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கு அவளே கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாளாம். மறுநாள் இறந்துபோனாள்.

இதை என்னிடம் சொல்ல, பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்போதே மாடுகளை வாசலில் நிறுத்திவிட்டு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது. "கோவத்துல சொல்லலீங்க ஐயா! காப்பாத்தத்தான் சொல்லியிருக்கா. அன்னைக்கே அவ என்னை விட்டுட்டாளுங்க. நான்தான் பிடிச்சிட்டுக் கெடந்திருக்கேன்" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முன்பல் ஒன்று இல்லை என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "நல்லது, மாடு பூச்செடியைத் தின்கிறது பாரும்" என்று அனுப்பிவைத்தேன்.

அடுத்த மாதம் வெளியூரிலிருந்து பெரிய துரை ஒருவர் எங்கள் சபையைப் பார்க்க வந்தார். பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியர் வைக்கப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. அவர் தங்கியிருந்த வீட்டுக்கே போய் நான் வண்டிக்காரரைப் பற்றி எடுத்துச் சொன்னேன். இப்படி ஒரு மனந்திரும்புதலை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள் என்றேன். அவர் சாட்சி சொல்லும்போது நானே ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்வதாக ஏற்பாடு.

கோயில் நிறைந்திருந்தது. வண்டிக்காரர் முன்னால் வந்து நின்றார். கப்பல், காய்ச்சல், தீவு என்று சொல்லிக்கொண்டு வந்தார். நான் வாக்கியம் வாக்கியமாகப் பெயர்த்தேன். தெரியாது என்ற வார்த்தைக்கு வந்தார். சொன்னார். தொண்டை அடைக்கவில்லை. நான் மெல்ல, "அவள் முகம்" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "முகம் வீங்கியிருந்துச்சு. ஆனா அவ என்ன சொன்னா தெரியுங்களா?" என்று தொடர்ந்தார்.

நான் விடச்சொன்ன பேச்சைச் சொன்னார். தயிர்க்கார அம்மாளைச் சொன்னார். கஞ்சியைச் சொன்னார். சொல்லும்போது முன்பல் இல்லாத வாயால் சிரித்துக்கொண்டே இருந்தார். "ஆண்டவர் என்னை மன்னிச்சாருன்னு இவ்வளவு நாளா நீங்க சொன்னதை வாயால சொல்லிட்டிருந்தேன். இப்பத்தாங்க நம்புறேன்" என்றார்.

நான் ஆங்கிலத்தில் பெயர்ப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தேன். துரைக்குத் தெரிந்ததெல்லாம், மனைவியைச் சாகவிட்ட ஒருவன் அதைச் சொல்லிச் சிரிக்கிறான் என்பதுதான். அவர் என் பக்கம் சாய்ந்து, இவன் எதற்காகச் சிரிக்கிறான் என்று கேட்டார். ஒரு வாக்கியம் போதும்; சொல்லியிருக்கலாம். என்னிடம் ஆங்கிலம் இருந்தது. பழைய உணர்வு இவனிடம் போய்விட்டது என்று நினைக்கிறேன் என்று சொன்னேன்.

அன்று மாலை மூப்பர்கள் கூடினார்கள். பாவத்தைச் சொல்லும்போது கண் நனையாதவனுடைய மனந்திரும்புதல் செல்லாது என்பது எங்கள் சபையில் எழுதப்படாத சட்டம். கண்ணீர் உண்டா இல்லையா என்று பார்ப்பதற்காகவே முன் பெஞ்சில் உட்காரும் மூப்பர் ஒருவர் இருந்தார். "வாத்தியார் என்ன சொல்றீர்? உமக்குத்தானே அவனை நன்றாகத் தெரியும்" என்று கேட்டார்கள். "இருதயம் கடினப்பட்டிருக்கிறது" என்றேன். அவரைச் சபை ஒழுங்கின்கீழ் வைத்தார்கள். அதாவது, வாசலோரப் பெஞ்சில் தனியாக உட்காரவேண்டும். யாரும் பேசக்கூடாது. இராப்போஜனம் கிடையாது. மெய்யான மனவருத்தத்தோடு மறுபடியும் சாட்சி சொன்னால் சேர்த்துக்கொள்வார்கள்.

இராப்போஜன ஞாயிறு வந்தது. கிண்ணம் எடுக்கும்போது அவரும் எழுந்தார், உட்காரச் சொன்னார்கள். சீழ்க்கால் கிழவர் தனியாகத் தடுமாறி நடந்து போனார். இவர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. ஒழுங்கின்கீழ் இருப்பவர் அல்லவா.

"ஐயா, அந்தக் கிண்ணம் இல்லாம எனக்கு முடியலீங்க. என்ன செய்யணும்?"

"அழவேண்டும். வேறென்ன?"

"அழுகை வரலீங்க. உக்காந்து பாக்குறேன். அவளை நினைச்சா கஞ்சி குடிக்கிற மாதிரிதான் தோணுது. சந்தோஷமா இருக்கு."

"அந்தச் சந்தோஷம்தான் உமக்குத் தடை."

"அதை நான் எங்கேங்க கொண்டுபோய்ப் போடுவேன்?"

அவர் என்னைக் கிண்டல் செய்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அவருக்குக் கிண்டல் செய்யவே தெரியாது. ஆனால் தலைமையாசிரியர் வேலை வேறொருவருக்குப் போய்விட்டிருந்தது. நான் வாசற்படியில் நின்றுகொண்டு இதைச் சொன்னேன்:

"அந்தத் தயிர்க்காரி சொன்னதை எப்படி நம்பினீர்? நீர் படும் பாட்டைப் பார்த்து, உம்மைத் தேற்றுவதற்காகச் சொல்லியிருப்பாள். பெண்கள் சொல்வார்கள். அம்மையில் கிடந்தவளுக்கு அடுத்த பாயில் யார் என்ன கேட்டார்கள் என்று எப்படி நினைவிருக்கும்? உம் மனைவி உம்மைச் சபித்துக்கொண்டே செத்திருக்கலாம். யோசித்துப் பாரும்."

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று கீழே இறங்குவது தெரிந்தது. வண்டி குடைசாயும்போது, முதலில் ஒரு சக்கரம் மட்டும் மெல்ல இறங்குமே, அப்படி.

"அவங்ககிட்டயே கேட்டுருவேன்" என்றார். ஆனால் தயிர்க்கார அம்மாள் ஜொகூரில் ஏதோ தோட்டத்தில் இருக்கும் மகளோடு போய்ச் சேர்ந்துகொண்டதாகப் பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். எந்தத் தோட்டம் என்று யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் சாட்சி சொன்னார். அதைப்போன்ற ஓர் அழுகையை அந்தக் கோயில் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. தெரியாது என்று சொன்னேன் என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை. தரையில் உட்கார்ந்து, கோட்டுத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். பெண்கள் பக்கத்திலும் அழுகை எழுந்தது. முன் பெஞ்சு மூப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தார். போதகர் அவரைத் தூக்கி நிறுத்தி, அணைத்து, உடனே இராப்போஜனப் பந்திக்கு அழைத்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கியவர்கள் உண்டு.

அவர் முழங்காலில் நின்றார். கிண்ணம் வந்தது. வாயைத் திறக்கவில்லை. போதகர் சிறிது காத்திருந்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.

ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்தபோது கோயில் மாமரத்தடியில் எனக்காகக் காத்திருந்தார். கண் இரத்தமாக இருந்தது.

"ஐயா, ஒன்னே ஒன்னு சொல்லிடுங்க. அந்தம்மா சொன்னது பொய்தாங்களா?"

பொய்யென்று நான் நினைக்கவில்லை. அன்றும் நினைக்கவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம், பக்கத்தில் ஆளும் இல்லை. "அது எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அன்று கோழிக் குழம்பு.

அதற்குப் பிறகு அவர் கோயிலுக்கு வரவில்லை. வண்டியையும் மாடுகளையும் விற்றுவிட்டுத் தீவுக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அம்மைக் கொட்டகையில் நோயாளிகளுக்குத் துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, இறந்தவர்களைத் தூக்கிப் போடும் வேலை. அதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம். வாரத்தில் ஒருநாள் அரிசி வாங்கப் படகில் வருவாராம்.

எத்தனையோ காலம் கழித்து, என் மனைவி பிரசவத்தில் இறந்த வருடத்தில், எனக்குத் தூக்கம் போயிற்று. ஜெபிக்க உட்கார்ந்தால் மாமரத்தடியில் நின்ற அந்தக் கண்தான் தெரியும். ஒரு சனிக்கிழமை காலை படகுத்துறைக்குப் போனேன். அவர் படியில் அரிசி மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. நகக்கண்களில் சிவப்பு போய்விட்டிருந்தது.

"வாங்கய்யா" என்றார், நேற்றுப் பார்த்தவரிடம் சொல்வதுபோல. "வீட்டுல சொகமா?"

நான் சொல்லவேண்டியதையெல்லாம் மனத்துக்குள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். நல்ல தமிழில். அழுதும் விட்டேன். தயிர்க்கார அம்மாள் பொய் சொன்னாள் என்று நான் நினைத்ததேயில்லை, உம்மை அழவைப்பதற்காகச் சொன்னேன் என்றேன். அவர் மூட்டைமேல் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். என் கண்ணீரைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"அது எனக்கு அங்க போனப்புறம் புரிஞ்சு போச்சுங்க" என்றார். "சாகக் கெடக்குற ஆளுங்க எல்லாம் அதைத்தாங்க கேக்குறாங்க. கூட வந்தவங்க போயிட்டாங்களா, நல்லாருக்காங்களான்னு. போயிட்டாங்கன்னு சொன்னா, கொஞ்சம் கஞ்சி இறங்குது. அந்தம்மா பொய் சொல்லலை."

"என்னை மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லும்" என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கிட்ட என்னங்க இருக்கு? நீங்க வெட்டிப் போட்டது அவ பேச்சைத்தானே" என்றார். குரலில் கோபம் இல்லை. வழி சொல்வதுபோலத்தான் சொன்னார். "அவ அங்க மேட்டுலதாங்க இருக்கா. வாங்க, இடத்தைக் காட்டுறேன். அவகிட்டச் சொல்லிடுங்க. கொட்டாய்ல இப்ப நாலஞ்சு பேரு கெடக்குறாங்க, அவங்களையும் ஒரு பார்வை பாத்து ஜெபம் பண்ணிட்டுச் சாயங்காலம் திரும்பிடலாம்."

படகுக்காரன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நான் அவர் கையைப் பார்த்தேன். அந்தக் கையை நான் பிடித்திருப்பதைப் பார்த்தேன். நாலைந்து பேர் கிடக்கிறார்கள். மெல்ல விட்டுவிட்டேன்.

"இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை இருக்கிறது" என்றேன். சனிக்கிழமை.

அவருக்குப் புரிந்தது. "சரிங்கய்யா. படகு எல்லாச் சனிக்கிழமையும் வரும்" என்று சொல்லி ஏறிக்கொண்டார்.

நான் வீட்டுக்குப் போய்க் கையைக் கார்பாலிக் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

படகு எல்லாச் சனிக்கிழமையும் வந்தது. சில சனிக்கிழமைகளில் நான் துறைக்குப் போய் மரக்கொட்டகை ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர் மூட்டைகளை ஏற்றிவிட்டு, கிளம்பும் முன் கரையை ஒரு சுற்றுப் பார்ப்பார். நான் தூணுக்குப் பின்னால் தள்ளி நின்றுகொள்வேன். இதற்கிடையில் நான் தலைமையாசிரியரானேன், மூப்பருமானேன். மனந்திரும்புதலைப் பற்றி நான் பேசினால் கோயில் நிறையும்.

ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை. வேறொரு ஆள், முப்பது வயதிருக்கும், அரிசி ஏற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கு நான் யாரென்று தெரியாது என்ற தைரியத்தில் படி வரைக்கும் இறங்கிப் போனேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். கோட்டு, கண்ணாடி, கையில் குடை.

"ஐயா, பெரியவருக்கு ரொம்ப முடியலை" என்றான். "இன்னைக்கோ நாளைக்கோதான். கரையில ஒரு வாத்தியாரையா நிப்பாங்க, எனக்குத் தெரிஞ்சவங்க, தூணு பக்கம்கூடப் பாரு, வந்திருந்தா கையோட கூட்டிட்டு வான்னு சொல்லி விட்டாரு. அது நீங்கதானுங்களா?"

படகில் இடம் இருந்தது. கடல் அமைதியாக இருந்தது.

நான் இல்லை என்றேன்.